காப்பீட்டுத் தரகரைத் தேடுவதும் அவரிடம் வேலை வாங்குவதும்

(உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்புகள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்காக ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலத்தில், வட்டார அலுவலகத்தின் வேலை கிணறு, விதை, உரம், சாலை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைக் கிராமத்திற்குக் கொண்டு வருவதாக இருந்தது. இன்று அந்த நிலை பெரிதும் மாறிவிட்டது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் இன்று எல்லா ஊர்களிலும் வேரூன்றி நிற்கிறது. உழவர்கள் தாமே பங்குதாரர்களாகி நிறுவனம் அமைத்து, கிடங்கு கட்டி, எண்ணெய்ச் செக்கும் மாவு மில்லும் நடத்துகிறார்கள். கிராமத்தின் சொத்து தனித்தனி வீடுகளில் இருந்த காலம் போய், ஒரே கூரையின் கீழ்ப் பலருடைய சொத்து சேர்ந்திருக்கும் காலம் வந்திருக்கிறது.

இதில் ஒரு பெருமை உண்டு. ஒரு பொறுப்பும் உண்டு. ஒருவருடைய வைக்கோற்போர் எரிந்தால் அது ஒரு குடும்பத்தின் துன்பம். ஊரார் கைகொடுத்துத் தூக்கிவிடுவார்கள். ஐந்நூறு பேருடைய நிலக்கடலை இருக்கும் கிடங்கு எரிந்தால் கைகொடுக்க ஊரில் யார் மிஞ்சியிருப்பார்கள்? 2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யத்தின் அருகே கரை கடந்த கஜா புயலையும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஏற்பட்ட பெருவெள்ளத்தையும் நாம் மறந்துவிடவில்லை. ஆகவே கூட்டுச் சொத்தை வைத்திருப்பவர்கள் காப்பீட்டைப் பற்றி யோசித்தே ஆகவேண்டும். அதற்குத் துணை செய்வதாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் யாரை நம்புவது, எப்படி நம்புவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

துண்டுக்குள் பேசும் தரகு

தரகர் என்ற சொல் நமக்குப் புதிதன்று. மணப்பாறை, அந்தியூர் போன்ற ஊர்களின் மாட்டுச் சந்தைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரகர் ஒருவர் தோளில் இருக்கும் துண்டைக் கைமேல் போட்டு, அதற்குள் விரல்களைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. வாங்குபவர் சொன்னது என்ன, விற்பவர் கேட்டது என்ன, நடுவில் நின்றது எவ்வளவு என்பது அந்தத் துண்டுக்கே வெளிச்சம். மாட்டுக்கு அந்த முறை பழகிவிட்டது. ஐந்நூறு பேருடைய பொதுப் பணத்திற்கு அது ஆகாது.

காப்பீட்டுத் துறையில் தரகர் என்பவர் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட ஒரு தொழிலாளர். நம் நாட்டில் அது சற்றுப் பிந்தி வந்த தொழில். 1956இல் ஆயுள் காப்பீடு தேசியமயமாகி ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது. 1973 முதல் பொதுக் காப்பீடும் நான்கு அரசு நிறுவனங்களின் கைக்கு வந்தது. அப்போது ஏஜெண்டு உண்டு. தரகர் என்பவருக்கு அதிக இடம் இல்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் தனியார் நிறுவனங்களும் நுழைந்து, ஒரே பொருளுக்குப் பல நிறுவனங்கள் பல விலை சொல்லத் தொடங்கியபோதுதான், ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். 2002இல் தரகர்களுக்கான ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2018இல் அவை திருத்தி அமைக்கப்பட்டன.

ஏஜெண்டுக்கும் தரகருக்கும் உள்ள வேறுபாட்டை எல்லோரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏஜெண்டு காப்பீட்டு நிறுவனத்தின் ஆள். ஆயுள் காப்பீட்டில் ஒரு நிறுவனம், பொதுக் காப்பீட்டில் ஒன்று, மருத்துவக் காப்பீட்டில் ஒன்று என்ற அளவிலேயே அவர் வேலை செய்ய முடியும். அவரிடம் போனால் அவருடைய கடைச் சரக்கைத்தான் காட்டுவார், அது குற்றமன்று. வங்கிகள் பல, நிறுவன ஏஜெண்டாக இருக்கின்றன. 2022ஆம் ஆண்டுத் திருத்தப்படி அவை ஒவ்வொரு வகையிலும் ஒன்பது நிறுவனங்கள் வரை சேர்த்துக்கொள்ளலாம். தரகரோ எல்லா நிறுவனங்களையும் அணுகலாம். அவர் காப்பீடு செய்பவருடைய ஆள், அதாவது உங்களுடைய ஆள். உங்கள் நலனுக்காகப் பேசுவது அவர் கடமை. அவருடைய பிழையால் உங்களுக்கு நட்டம் நேர்ந்தால் ஈடு செய்வதற்காக, அவரே தம் தொழிலுக்குப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தரகர் உங்கள் ஆளாயினும் அவருக்குக் கமிஷன் கொடுப்பது காப்பீட்டு நிறுவனம். வேலை வாங்குபவர் ஒருவர், கூலி கொடுப்பவர் மற்றொருவர். பிரீமியம் பெருகினால் கமிஷனும் பெருகும். நல்ல தரகர் இந்தச் சிக்கலை மறைக்கமாட்டார். கமிஷன் எவ்வளவு என்று நீங்கள் கேட்டால் சொல்ல அவர் கடமைப்பட்டவர். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்; கேட்டதற்கு வருத்தப்படுகிறவரை விட்டுவிடுங்கள்.

தரகர் தேவையில்லாத இடங்கள்

தேவையில்லாத இடத்தில் தரகரை வைப்பது வீண். முதலில் அந்த இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

பயிர்க் காப்பீடு 2016 முதல் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் நடைபெற்று வருகிறது. அதில் எந்த மாவட்டத்திற்கு எந்த நிறுவனம் என்பதை மாநில அரசே முடிவு செய்கிறது. உழவர் செலுத்தும் பங்கும் வரையறுக்கப்பட்டது: காரீப் பருவ உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் 2 சதவீதம், ராபி பருவத்திற்கு ஒன்றரைச் சதவீதம், ஆண்டு வணிகப் பயிர்களுக்கும் தோட்டப் பயிர்களுக்கும் 5 சதவீதம். பேரம் பேச அங்கே ஒன்றுமில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பெற்று, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலோ, வங்கியிலோ, பொதுச் சேவை மையத்திலோ, அறிவிக்கப்பட்ட கடைசித் தேதிக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டியதுதான். "உங்கள் பயிருக்கு அதிக இழப்பீடு வாங்கித் தருகிறேன்" என்று எவரேனும் வந்தால், அவர் தம் பிழைப்புக்கு வந்தவர் என்று அறிந்துகொள்ளுங்கள்.

2015இல் தொடங்கிய இரண்டு திட்டங்கள் வங்கிக் கணக்கு வழியாகவே நடக்கின்றன. ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு ஒன்று. ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு மற்றொன்று. இவ்விரண்டு கட்டணங்களும் 2022 ஜூன் முதல் வந்தவை. குழுக்களில் உள்ள தாய்மார்கள் அனைவரும் இவற்றில் சேர்ந்திருக்கிறார்களா, கணக்கில் ஆண்டுதோறும் பணம் எடுக்கப்பட்டிருக்கிறதா, வாரிசுதாரர் பெயர் சரியாக இருக்கிறதா என்பதைக் கூட்டமைப்பே பார்த்துவிடலாம்.

கறவை மாட்டுக் காப்பீட்டுக்கும் கால்நடை மருத்துவரே வழிகாட்டி. தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024இல் செய்த மாற்றத்தின்படி உழவரின் பங்கு பிரீமியத்தில் 15 சதவீதம். அதில் காதுவில்லைதான் சாட்சி. வில்லை விழுந்துவிட்டால் உடனே தெரிவித்து மறுவில்லை போட்டுக்கொள்ள வேண்டும்.

தரகர் தேவைப்படும் இடங்கள்

கிடங்கு, அதிலுள்ள சரக்கு, இயந்திரங்கள், சரக்கு ஏற்றிச் செல்லும் வண்டி, வேலையாட்களுக்கு நேரும் விபத்து, உறுப்பினர் அனைவருக்குமான குழு மருத்துவக் காப்பீடு ஆகியவை தனித்தனி விதிகளும் தனித்தனி விலக்குகளும் உடையவை. நிறுவனத்துக்கு நிறுவனம் பிரீமியம் வேறுபடும். இங்கேதான் தரகரின் அறிவு பயன்படும்.

இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. பெயர் பெற்ற தரகர்கள் சென்னையிலும், கோவையிலும், மதுரையிலும் இருப்பார்கள். சிறு கிடங்கு ஒன்றின் பிரீமியத்திற்காக அவர்கள் நம் ஊருக்கு வந்து போவது கட்டாது. ஆதலால் என் யோசனை இது: இந்த வட்டாரத்தில் உள்ள நிறுவனங்களும் கூட்டமைப்புகளும் ஒன்று கூடி, ஒரே நாளில் இரண்டு அல்லது மூன்று தரகர்களை வரவழைத்துப் பேசுங்கள். தனியாகப் போனால் நம்முடையது சிறு கணக்கு. சேர்ந்து போனால் பெருங்கணக்கு. ஆனால் பாலிசி மட்டும் அவரவர் பெயரிலேயே இருக்க வேண்டும். தமக்கு உரிமையோ நலனோ இல்லாத சொத்தை ஒருவர் காப்பீடு செய்ய முடியாது என்பது காப்பீட்டின் அடிப்படை. அதுபோலவே, காப்பீடு எடுப்பதற்காகவே ஆட்களைக் கூட்டி அமைத்த குழுவுக்குக் குழுக் காப்பீடு கிடையாது; வேறு நல்ல நோக்கத்திற்காக முன்பே அமைந்த குழுவாக இருக்க வேண்டும். நம் சுய உதவிக் குழுக்கள் அந்த வகையில் தகுதி உடையவை.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, பதிவு. காப்பீட்டுத் தரகு செய்ய இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையத்தின் பதிவுச் சான்று வேண்டும். ஐதராபாத்தில் தலைமை அலுவலகம் உடைய அந்த ஆணையம், பதிவு பெற்ற தரகர்களின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. சான்றில் உள்ள எண்ணையும் பெயரையும் அந்தப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். பதிவிலும் வகைகள் உண்டு. ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும் பதிவு பெற்றவர் கிடங்குக்குத் தரகு செய்ய முடியாது.

இரண்டாவது, வந்திருப்பவர் யார் என்பது. தரகு நிறுவனங்களுக்காகக் கிராமங்களுக்கு வருகிறவர்களில் பலர் விற்பனை முனையாளர்கள். 2015இல் வந்த விதிப்படி பத்தாம் வகுப்புத் தேறி, 15 மணி நேரப் பயிற்சி பெற்று, தேர்வு எழுதியவர்கள் இந்த வேலையைச் செய்யலாம். இருசக்கர வாகனப் பாலிசி போன்ற எளிய பாலிசிகளுக்கு அவர்கள் போதும். கிடங்குக்கும் மில்லுக்கும் அவர்களை அனுப்பிய தரகு நிறுவனத்தில் தேர்ச்சி பெற்ற அதிகாரியே வர வேண்டும் என்று கேளுங்கள்.

மூன்றாவது, அவர் கேட்கும் கேள்விகள். நல்ல வைத்தியர் மருந்துப் பெட்டியைத் திறக்குமுன் நாடி பிடித்துப் பார்க்கிறார். நல்ல தரகரும் பிரீமியத்தைச் சொல்லுமுன் கிடங்கைப் பார்க்க வேண்டும் என்பார். மின்கம்பி எப்போது போட்டது, பக்கத்தில் கீற்றுக் கொட்டகை இருக்கிறதா, மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், மூட்டைகள் தரையில் கிடக்கின்றனவா, கட்டைமேல் அடுக்கப்பட்டிருக்கின்றனவா, இரவுக் காவல் உண்டா, சரக்கு எந்த மாதத்தில் அதிகம் என்றெல்லாம் கேட்பார். ஒன்றும் கேளாமல், எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லித் தொகையைக் கூறுபவர் உங்கள் கிடங்கைக் காப்பீடு செய்ய வரவில்லை. கமிஷனைக் காப்பாற்றிக்கொள்ள வந்திருக்கிறார்.

நான்காவது, நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள். எத்தனை நிறுவனங்களிடம் விலை வாங்கித் தருவீர்கள்? அவற்றை ஒரே தாளில் ஒப்பிட்டு, தமிழில் எழுதித் தருவீர்களா? இழப்பு நேர்ந்த அன்று யார் வருவார், எங்கிருந்து வருவார்? எங்களைப் போன்ற சங்கத்திற்கு இழப்பீடு பெற உதவியிருக்கிறீர்களா? அந்தச் சங்கத்தாருடன் நாங்கள் பேசலாமா? இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பாலிசியில் எது சேராது? சேராதவற்றை முதலில் எடுத்துச் சொல்கிறவரை நம்பலாம்.

பேசிய தரகர்களின் ஒப்பீட்டுத் தாள்களை இயக்குநர் கூட்டத்தில் வாசித்து, தீர்மானம் எழுதி, அதன் பின்னரே ஒருவரை நியமிக்க வேண்டும். தலைவருக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரிந்த காப்பீடு, துண்டுக்குள் பேசிய தரகுதான். ஒருவரை நியமித்ததும் அவருக்கு ஆணைக் கடிதம் ஒன்று கொடுப்பது வழக்கம். எந்தச் சொத்துக்கு, எவ்வளவு காலத்திற்கு என்று அதில் தெளிவாக எழுதுங்கள். காலவரையில்லாத கடிதம் கொடுக்காதீர்கள். வேலை திருப்தியாக இல்லையென்றால் அடுத்த புதுப்பிப்பின்போது தரகரை மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

நாம் செய்ய வேண்டிய கணக்கு

தரகர் எவ்வளவு வல்லவராயினும், நம் சொத்தின் கணக்கை நாம்தான் சொல்ல வேண்டும். இழப்பீடு குறைவதற்கு இங்கே நேரும் பிழைகள் பெருங்காரணம் ஆகின்றன.

உதாரணமாக, ஒரு நிறுவனத்தின் கிடங்கில் 60 லட்ச ரூபாய்ச் சரக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிரீமியத்தைக் குறைக்கலாம் என்று எண்ணி 30 லட்ச ரூபாய்க்கு மட்டும் காப்பீடு செய்கிறார்கள். தீப்பிடித்து 20 லட்ச ரூபாய்ச் சரக்கு அழிகிறது. "30 லட்சத்திற்குப் பாலிசி இருக்கிறது, இழப்பு 20 லட்சம்தான், முழுவதும் கிடைக்கும்" என்று நாம் நினைப்போம். அப்படிக் கிடைக்காது. பாதி மதிப்புக்கே காப்பீடு செய்ததால் இழப்பிலும் பாதி, அதாவது 10 லட்ச ரூபாய்தான் கணக்கில் வரும். அதிலும் பாலிசியில் சொல்லியுள்ள கழிவுத் தொகை போகும். மீதிப் பாதியை நீங்களே காப்பீடு செய்துகொண்டதாகக் கருதப்படும் என்பதே இந்த விகித விதியின் பொருள்.

2021 ஏப்ரல் முதல் வந்த நிலையான பாலிசிகள் இதைச் சற்றுத் தளர்த்தியிருக்கின்றன. மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள சிறு தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்றும், அதற்கு மேல் 50 கோடி வரை 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா' என்றும் அவற்றுக்குப் பெயர். 15 சதவீதம் வரை குறைத்துக் காப்பீடு செய்திருந்தால் அவற்றில் விகிதக் கழிவு இல்லை. அதற்கு மேல் குறைத்தால் கழிவு உண்டு. நம்முடைய கிடங்குகளில் பெரும்பாலானவை முதல் வகையில் அடங்கும். தரகரிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

ஆகவே, அறுவடைக்குப் பின் சரக்கு உச்சத்தில் இருக்கும் மாதத்தின் மதிப்பைக் கொண்டே தொகையை நிர்ணயிக்க வேண்டும். சரக்கு ஏறி இறங்குவதற்கேற்ப அவ்வப்போது கணக்குக் கொடுக்கும் ஏற்பாடு கிடைக்குமா என்று தரகரைக் கேட்கலாம். தொகையைத் தரகர் சொல்ல நாம் ஒப்புவது முறையன்று. இருப்புப் பதிவேட்டைப் பார்த்து நாம் சொல்ல அவர் சரிபார்ப்பதே முறை.

அடுத்தது, சரக்கு யாருடையது என்பது. நிறுவனம் விலை கொடுத்து வாங்கிய சரக்கு நிறுவனத்துடையது. ஆனால் நல்ல விலை வரும்வரை இருக்கட்டும் என்று உறுப்பினர் கொண்டுவந்து வைத்த மூட்டைகள் உறுப்பினருடையவை. நிறுவனம் அவற்றின் காவலாளி மட்டுமே. பிறருக்காகப் பொறுப்பில் வைத்துள்ள சரக்கும் சேரும் என்று பாலிசியில் தெளிவாக எழுதச் செய்யாவிட்டால், அந்த மூட்டைகளுக்கு இழப்பீடு கேட்பது கடினமாகிவிடும். கிடங்கு எரிந்த மறுநாள் உறுப்பினருக்கு என்ன பதில் சொல்வது? இந்த ஒரு வரியை எழுதச் செய்வதற்காகவாவது நல்ல தரகர் ஒருவர் வேண்டும்.

மூன்றாவது, இடம். பாலிசியில் எழுதிய முகவரியில் இருக்கும் சரக்குக்கே காப்பு. இடம் போதாமல் பக்கத்து ஊரில் வாடகைக் கிடங்கு பிடித்து நூறு மூட்டை அங்கே மாற்றினால், அதை அன்றே தரகருக்கு எழுத்தில் தெரிவித்துப் பாலிசியில் சேர்க்க வேண்டும்.

நான்காவது, உண்மை. பக்கத்துக் கீற்றுக் கொட்டகையை மறைத்தோ, முன்பு ஒருமுறை நீர் புகுந்ததை மறைத்தோ பெறும் பாலிசி, வேண்டிய நாளில் கைவிடும். குழு மருத்துவக் காப்பீட்டில் நோய் விவரம் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவே கூடாது. ஆங்கிலத்தில் உள்ள படிவத்தைத் தரகர் நிரப்பினால், அதைத் தமிழில் விளக்கிச் சொன்னதாக அவரும் கையெழுத்திட வேண்டும். அதன் நகல் ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும்.

பணமும் பாலிசியும்

பிரீமியம் நிறுவனத்தின் கைக்குச் சேர்ந்தால்தான் காப்பு தொடங்கும். இது 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவில் உள்ள விதி. ஆகவே தரகரின் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பெயருக்கே காசோலையோ வங்கி மாற்றமோ செய்து, அந்த நிறுவனத்தின் ரசீதைப் பெறுங்கள். காசோலை பணமாகாமல் திரும்பிவிட்டால் காப்பும் நிற்காது. "என் கமிஷனில் பாதியை உங்களுக்குத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அது அதே சட்டத்தின் 41ஆவது பிரிவு தடுத்துள்ள செயல். கொடுப்பவருக்கு மட்டுமன்றி வாங்குபவருக்கும் அது குற்றம். பொதுப்பணத்தைக் கையாளும் நிர்வாகி அதன் பக்கமே போகக்கூடாது.

கடன் கொடுத்த வங்கி, காப்பீட்டையும் தன்னிடமே எடுக்க வேண்டும் என்று சொல்வதுண்டு. சொத்துக்குக் காப்பீடு வேண்டும் என்று கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. தன்னிடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த அதற்கு உரிமையில்லை. ஆனால் வங்கியின் பெயர் பாலிசியில் குறிக்கப்பட்டிருக்கும். இழப்பீட்டில் கடன் பாக்கிக்கு உரிய பகுதி முதலில் வங்கிக்குப் போகும் என்பதை உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பாலிசி வந்ததும் பெட்டியில் பூட்டிவிடாதீர்கள். பெயர், முகவரி, தொகை, சரக்கின் விவரம், தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியவற்றைத் தரகரை வைத்துக்கொண்டே இயக்குநர் கூட்டத்தில் வாசியுங்கள். உறுப்பினர் தனிப்பட்ட முறையில் ஆயுள் அல்லது மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால், பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அது பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம்; 2024ஆம் ஆண்டு விதி இந்த உரிமையை அளிக்கிறது. முடிவுத் தேதியை அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்து, ஒன்றரை மாதத்திற்கு முன்பே புதுப்பிக்கும் பேச்சைத் தொடங்குங்கள்.

இழப்பு நேர்ந்த நாளில்

தரகரின் உண்மையான வேலை அன்றுதான் தொடங்குகிறது. உயிர்களைக் காப்பதும், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்வதும், மிஞ்சிய சரக்கை நனையாத இடத்திற்கு மாற்றுவதும் முதற்கடமை. காப்பீடு இருக்கிறதே என்று மிஞ்சியதையும் அழிய விடுவது தவறு. அன்றே தரகருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, தெரிவித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அழிந்ததைப் படம் எடுத்து வையுங்கள். சர்வேயர் வருமுன் எரிந்த மூட்டைகளை அப்புறப்படுத்தாதீர்கள்.

சர்வேயர் என்பவர் உரிமம் பெற்ற தனி அதிகாரி. இழப்பை மதிப்பிட்டு அறிக்கை கொடுப்பவர். அவர் வரும்போது தரகரும் உடன் இருக்க வேண்டும். இருப்புப் பதிவேடு, கொள்முதல் ரசீதுகள், உறுப்பினர் வைத்த மூட்டைகளின் பட்டியல், தீயணைப்புத் துறைச் சான்று ஆகியவற்றை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது தரகரின் உதவி. வைத்திருப்பது நம் வேலை. கிடங்கோடு சேர்ந்து பதிவேடும் எரிந்துவிட்டால் என்ன செய்வது? ஆகையால் பதிவேட்டின் நகல் மாதந்தோறும் வேறோர் இடத்திற்குப் போய்ச் சேர வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம்கூடப் போதும்.

மதிப்பீடு குறைவாக இருந்தால், முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டதாக எழுதிய தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். எந்தக் காரணத்தால் எவ்வளவு குறைத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிலைப் படித்து விளக்குவதும் மறுத்து எழுதுவதும் தரகரின் கடமை.

அதற்கும் பலன் இல்லையென்றால் வழிகள் இருக்கின்றன. முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஆணையத்தின் 155255 என்ற தொலைபேசி எண்ணிலும் 'பீமா பரோசா' இணையதளத்திலும் முறையிடலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தனிநபர் பாலிசிகள், குழுப் பாலிசிகள், குறுந்தொழில்களின் பாலிசிகள் ஆகியவை அவருடைய வரம்புக்குள் வரும். அவர் தீர்ப்பளிக்கக்கூடிய தொகை 2023இல் 50 லட்ச ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் தரகரின் சேவைக் குறைபாட்டைப் பற்றியும் அவரிடம் முறையிடலாம். நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் கதவும் திறந்தே இருக்கிறது.

நண்பர்களே! காப்பீடு வெள்ளத்தைத் தடுக்காது, தீயை அணைக்காது. மின்கம்பியைச் சீர்செய்வதும், மூட்டையைக் கட்டைமேல் அடுக்குவதும், மழைநீருக்கு வழி வெட்டுவதும் நம் கைவேலைகள். அவற்றை எந்தத் தரகரும் செய்து தரமாட்டார். அவற்றையெல்லாம் செய்த பிறகும் எஞ்சி நிற்கும் ஆபத்துக்கே காப்பீடு. அந்தக் காப்பீடு சரியாக அமைய ஒரு நல்ல தரகர் துணை செய்வார். நாம் கணக்கோடும் கேள்வியோடும் அவர்முன் உட்கார்ந்தால் அந்தத் துணை பன்மடங்காகும்.

இந்த மாதம் நடக்கும் உங்கள் இயக்குநர் கூட்டத்தில் மூன்று காரியங்களைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்போதுள்ள பாலிசியை எடுத்து எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். அதில் எழுதிய தொகையை இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். உறுப்பினர் வைத்த மூட்டைகளைப் பற்றிய வரி அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் எழுதித் தீர்மானம் போடுங்கள். எங்கள் அலுவலகத்தின் விரிவாக்க அலுவலர்களும் வேண்டிய உதவியைச் செய்வார்கள். நம்மை நம்பி மூட்டையைக் கிடங்கில் இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பும் உறுப்பினருக்கு நாம் செய்ய வேண்டிய கைம்மாறு இதுவே என்று கூறி, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.